மதகைத் திறவுங்கள்

கிராமந்தோறும் கண்ணாடியிழைக் கம்பி கொண்டு செல்ல 2011-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் மேற்கொண்ட திட்டம் இப்போது பாரத்நெட் என்று வழங்குகிறது. சுமார் இரண்டரை லக்ஷம் பஞ்சாயத்துக்களை இணைப்பது அதன் நோக்கம். நோக்கம் சிலாக்கியமானதே. ஆனால் கம்பி வாசலுக்கு வந்த மாத்திரத்தில் வேகம் வந்துவிடாது.

பாடசாலைகளிலும் ஆபீஸுகளிலும் உள்ள பழைய ரௌட்டர், ஸ்விட்ச் முதலிய கருவிகளில் பல, விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் விடமாட்டா. அது 1995-ல் வகுத்த அளவு. வெளியே 300 மெகாபிட் வந்தாலும் உள்ளே மூன்றிலொரு பங்கே செல்லும். ஏரி நிரம்பியும் மதகு குறுகினால் கடைமடை காயாதா? சாதாரணச் செம்புக் கம்பியிலேயே 1,000 மெகாபிட் செலுத்தும் முறை 1999-லேயே ஏற்பட்டுவிட்டதே!

ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒருங்கே பாடம் காண முயன்றால் பழங்கருவி திணறுகிறது. பழியோ கம்பியின்மீது விழுகிறது. திறப்பு விழாவுடன் கடமை தீர்ந்ததென்று அதிகாரிகள் கருதலாகாது. கருவிகளின் வயதைக் கணக்கெடுத்து, பழையவற்றை மாற்ற வருஷந்தோறும் பணம் ஒதுக்க வேண்டும். வாங்குபவை கூடியவரை சுதேசிக் கருவிகளாகவே இருக்கட்டும். 1984-ல் ஸ்தாபிதமான ஸி-டாட், இத்துறையில் நமக்கு ஆற்றலுண்டென்பதைக் காட்டியிருக்கிறது. இனி வேண்டுவது சர்க்காரின் மனமே.