பிள்ளைச் செலவு பிச்சையன்று!



புருஷனை விட்டுப் பிரிந்து, இரண்டு மூன்று பிள்ளைகளோடு தனியாய்க் குடும்பம் நடத்தும் பெண்கள் நம் பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களிலும் உண்டு. குடியோ, அடி உதையோ, சூதோ, பிரிந்த காரணம் எதுவாயினும் இருக்கட்டும். அதைக் கிண்டுவது நம் வேலையன்று. பிரிந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பதே கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். 1930-களில் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. அந்த அநீதி ஒழிந்தது. 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் ஆண், பெண் என்று பேதம் பார்ப்பதில்லை. அதில் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி போகும். சொக்சோவுக்குச் சில வெள்ளி போகும். கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. புருஷன் போய்விட்டான் என்பதற்காக அரிசி விலையும் பள்ளி பஸ் கட்டணமும் பாதியாகுமா? விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டுக்கும் கொடுத்தாக வேண்டும். லயத்து வீடு அவன் பெயரில் இருந்துவிட்டால் வாடகையும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்.

இந்தச் சுமையில் தகப்பனுக்குப் பங்கில்லையா? உண்டு என்று கோயில் பஞ்சாயத்தும் சொல்லும். "மாதம் இருநூறு கொடு" என்று தீர்ப்பாகும். இரண்டு மாதம் வரும். மூன்றாம் மாதம் நின்றுவிடும். பிறகு அவள் சம்பள நாளன்று அவன் வாசலில் போய் நிற்க வேண்டும். அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கும். பெற்ற பிள்ளையின் சோற்றுக்குப் பிச்சைக்காரியைப்போல் நிற்பது நியாயமா?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனைவி மக்கள் பராமரிப்புச் சட்டம் 1950-ஆம் ஆண்டிலேயே வந்தது. விவாகரத்து ஆன பிறகுதான் கேட்கலாம் என்பதில்லை. பராமரிக்காமல் விட்டாலே கோர்ட்டில் கேட்கலாம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்று பயப்படும் சகோதரிகள் கவனிக்கவும்: முறையான பதிவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் செலவு கேட்க அச்சட்டத்தில் இடமுண்டு. விவாகரத்துச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. அதன்படி பிள்ளைக்கு 18 வயது வரை செலவு உண்டு. 2018 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தால், மேற்படிப்புப் படிக்கும் பிள்ளைக்கு அதற்குப் பிறகும் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியம் 1968-ஆம் ஆண்டுச் சட்டம். கோர்ட் உத்தரவிட்டால், தகப்பனின் சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்தம் செய்து கட்டவேண்டும். வாசலில் நிற்க வேண்டியதில்லை. முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசாங்கச் சட்ட உதவி இலாகா இருக்கிறது.

சம்பளச் சீட்டில்லாத குத்தகை வேலைக்கு ஓடிவிட்டவனிடம் பிடித்தம் எளிதன்று என்பது உண்மை. ஆயினும் உத்தரவு உத்தரவுதான். வேண்டுமென்றே கட்டாதவன் சிறைக்கும் போக நேரும்.

"இது குடும்ப விவகாரம், சங்கத்துக்கு ஏன்? அவனும் சங்கத்து அங்கத்தினன்தானே?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இருவரிடமும் சந்தா வாங்கும் சங்கம் ஒருவர் பக்கம் சாயலாமா? கணவன் மனைவி சண்டையில் சாயக்கூடாதுதான். ஆனால் பிள்ளையின் செலவு சண்டையில் சேர்ந்ததன்று, அது பாக்கி. சம்பளப் பாக்கியை நிர்வாகம் தராவிட்டால் நாம் சும்மா இருக்கிறோமா? 1954-இல் சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டன. துரையின் பங்களா வாசலில் கைகட்டிக் கேட்டதை எழுத்தில் உரிமையாய்க் கேட்கும் பலம் அதனால் வந்தது. துரையிடம் ஒரு நியாயம், நமக்குள் வேறு நியாயம் என்று வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்காதா?

ஆகவே கிளைச் செயலவைகளுக்கு ஒரு வேண்டுகோள். மனு எழுதத் தெரியாத சகோதரிக்கு எழுதிக் கொடுங்கள். கோர்ட்டுக்குப் போகும் நாளில் ஒரு மாதர் பிரதிநிதி துணைக்குப் போகட்டும். வீடு தாய்க்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்க நிர்வாகத்திடம் பேசுங்கள். என்போன்ற கிராணிமார்களுக்கும் ஒரு சொல்: பிடித்தம் செய்யும் உத்தரவு ஆபீசுக்கு வந்தால் அதை லயமெல்லாம் பரப்பாதீர்கள், மாதம் தவறாமல் பிடித்துக் கட்டுங்கள்.

சகோதரிகளே! பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், உங்கள் சம்பளச் சீட்டு, அவர் வேலை செய்யும் இடத்தின் விவரம் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். பிள்ளைக்கான செலவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கோர்ட்டில் கண்ணீரைவிட அந்த நோட்டு அதிகம் பேசும். சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சமூக நல இலாகாவின் பிள்ளைகள் உதவித்தொகைக்கும் மனுச் செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கப்பட வேண்டியவன், பெற்றுவிட்டுக் கொடுக்காதவன்!