குடியிருக்கும் வீட்டை விற்கும்போது

சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடன் நெருக்கடியில் குடியிருக்கும் வீட்டையே விற்கவேண்டிய நிலைமை. வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை, எழுபதைத் தாண்டிய மாமியார். "வேளை கெட்ட வேளையில் புரோக்கர் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். நான் ஈரக் கையோடு போய்க் கதவைத் திறக்கிறேன். மாமியாரிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

மாமியாரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சுரீர் என்றது. அதே தப்பைச் செய்தவள் நான்.

2018-ல் திருச்சி உறையூரில் இருந்த எங்கள் வீட்டை விற்றோம். மாமனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம். விலை படிஞ்சதும் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். வீடு பார்க்க வந்தவர்களை எல்லாம் "இவரோட ஆபீஸ்ல வேலை செய்யறவங்க அத்தை" என்று சொல்லிச் சமாளித்தேன். இத்தனை பேர் ஆபீஸிலிருந்து வந்து எதற்குக் குளியலறையை எட்டிப் பார்க்கிறார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மாள் கொல்லைப்பக்கம் போய், முருங்கை மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரிடமே, "பாட்டி, இந்த மரத்தை வெட்டிட்டா காரை நிறுத்தலாம் இல்லே?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி மாமியார் சாப்பிடவில்லை. மறுநாள் ரத்த அழுத்த மாத்திரையும் போடவில்லை என்பது சாயங்காலம் தலை சுற்றுகிறது என்று அவர் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் வீட்டுக்கு ஓடினோம். வயதானவர்களுக்கு மனசு உடைந்தால் முதலில் நிற்பது சாப்பாடும் மாத்திரையும்தான். அந்த நாட்களில் மாத்திரையை நாமே கையில் எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவரே பேசினார். "ஏம்மா, என் கையெழுத்து இல்லாம எப்படி விக்கறதா இருந்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. எங்களுக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

அவர் கேட்டது சட்டப்படியும் சரி. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சம பங்கு உண்டு. (அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும்தான்.) எங்கள் வீட்டில் மாமியார், என் கணவர், நாத்தனார் என்று மூன்று பங்கு. மூன்று பேரும் கையெழுத்துப் போடாமல் கிரயம் செல்லாது. சேலத்துச் சகோதரியின் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. மாமனார் பெயரில் இருந்தால் முதலில் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். கல்யாணமாகிப் போன நாத்தனாருக்கு என்ன பாத்தியதை என்று யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள். அவர் கையெழுத்துப் போட வருவாரா, அல்லது விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பாரா என்பதை வாங்குகிறவர் வருமுன்பே பேசி முடித்துவிட வேண்டும். மாமியாருக்கு நடமாட்டம் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். தகுந்த காரணம் காட்டி மனுச் செய்தால், சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம்.

சரி, வேளை கெட்ட வேளையில் வருகிறவர்களை என்ன செய்வது? புரோக்கரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. அதுவும் முதல் நாளே போன் செய்துவிட்டு வரவேண்டும். ஞாயிறு சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு ராகு காலம், அப்போது பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். நிம்மதியாகக் குழந்தைக்குத் தலை வாரலாம்! நீங்கள் தனியாக இருக்கும்போது யார் வந்தாலும், புரோக்கரே கூட்டி வந்தாலும், உள்ளே விடவேண்டாம். "அவர் இருக்கிறப்போ வாங்க" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அல்லது எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நகைகள் பாங்க் லாக்கருக்குப் போகட்டும். பீரோ சாவி இடுப்பில் இருக்கட்டும். வருகிறவர்கள் கூடவே குழந்தைகளும் வரும், சாமான்களைக் குடையும். மாத்திரை டப்பா, பினாயில், கொசு மருந்து எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போகவேண்டும். இந்தக் காலத்தில் வருகிறவர்கள் செல்போனை நீட்டி அறை அறையாகப் படம் பிடிக்கிறார்கள். கூடத்தையும் சமையலறையையும் எடுத்துக்கொள்ளட்டும். படுக்கையறையிலும், குழந்தை படத்தில் விழுகிற இடத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டைப் புதுசாக்குகிறேன் என்று செலவு இழுத்துக்கொள்ளாதீர்கள். கடனுக்காக விற்கிற வீட்டில் மேலும் கடன் வாங்கிப் பெயின்ட் அடிப்பது வேண்டாத வேலை. சொட்டுகிற குழாய்க்கு வாஷர், எரியாத விளக்குக்கு பல்பு, ஒட்டடை, பரண் மேலிருக்கும் பழைய பேப்பர், இவ்வளவு போதும். நம் ஊரில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர்தான். போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா, உப்பா நல்ல தண்ணியா என்று கேட்பார்கள். ஒரு டம்ளரில் பிடித்து வைத்திருந்து குடிக்கக் கொடுங்கள். வாஸ்து பார்க்கிறவர்களிடம் வாதம் செய்யாதீர்கள், அவர்களாகவே போய்விடுவார்கள்.

ஒழுகுகிற இடத்தில் சுண்ணாம்பு பூசி மறைக்கலாமா என்று எங்களுக்கும் ஒரு சபலம் வந்தது. அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். சமாதானமான பிறகு, கொல்லையைச் சுற்றிக் காட்டும் வேலையை அவரிடமே கொடுத்திருந்தேன். ஒரு ரிட்டையர்டு ஆசிரியரிடம், "ஐப்பசி மழைக்கு இந்த மூலை கசியும் தம்பி, மேலே தளம் போடணும்" என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். அந்த ஆசிரியர்தான் வீட்டை வாங்கினார். கசிவுக்காக நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். வலிக்கத்தான் செய்தது. ஆனால் பின்னால் மழை வந்தபோது எங்களைத் தேடி யாரும் சண்டைக்கு வரவில்லை.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். நாலு வயசுக்கு எல்லாம் புரியும், பாதி தப்பாகப் புரியும். "வீடு போயிடப் போகுது" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, தன் பொம்மையும் போய்விடும், அம்மாவும் போய்விடுவாள் என்று நினைத்துக்கொள்ளும். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தால் திட்டாதீர்கள், அது பயம். "நாம எல்லாரும் வேற வீட்டுக்குப் போறோம், உன் பொம்மை, உன் தலகாணி எல்லாம் நம்மகூட வரும்" என்று தினம் சொல்லுங்கள். பொம்மைப் பெட்டியைக் கடைசியாகக் கட்டி, புது வீட்டில் முதலில் பிரியுங்கள். காலி செய்வதைப் பள்ளிக்கூட லீவுக்குத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது.

பணம் வாங்குவதில்தான் பெண்கள் "அவர் பார்த்துப்பார்" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்காதீர்கள். தாம்பூலத் தட்டில் ரூபாயை வைத்து அட்வான்ஸ் கொடுக்கும் வழக்கம் அழகுதான், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2015 ஜூன் மாதத்திலிருந்து, வீடு நிலம் விற்பதற்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். செக்காகவோ, கணக்குக்கு நேராகவோ வரட்டும். மூலப் பத்திரத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், அதன் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் பத்திரம் பாங்கில்தான் இருக்கும். எவ்வளவு பாக்கி என்று அவர்களிடம் கடிதம் வாங்கி வாங்குகிறவரிடம் காட்டிவிட்டால் பின்னால் பேச்சு வராது.

குடியிருந்துகொண்டே விற்பதில் பெரிய சிக்கல் சாவிதான். "நல்ல நாள் பார்த்திருக்கோம், பால் மட்டும் காய்ச்சிக்கறோம்", "ஒரு ரூம்ல நாலு மூட்டை சிமென்ட் போட்டு வெச்சுக்கறோம்" என்று பத்திரம் பதிவாகும் முன்பே கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். மாட்டேன் என்றேன், மனஸ்தாபம் இரண்டு நாளில் தீர்ந்தது. முழுப் பணமும் கைக்கு வந்து, பதிவு முடிந்த பிறகுதான் சாவி. அதேபோல பதிவுக்குப் பிறகு ஒரு மாதம் நீங்கள் இருக்க வேண்டியிருந்தால், "பார்த்துக்கலாம்மா" என்ற வாய்வார்த்தையை நம்பாமல், எந்தத் தேதி வரை, வாடகை உண்டா, கரண்டு பில் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும் அன்று மீட்டரில் ஓடியிருக்கும் யூனிட்டைக் குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஃபேன், மோட்டார், தண்ணீர்த் தொட்டி இவற்றில் எது வீட்டோடு போகிறது, எது உங்களோடு வருகிறது என்பதையும் எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதியதால்தான் கூடத்து ஊஞ்சல் தப்பியது. அதுவும் சேர்த்துத்தான் என்று ஆசிரியர் வீட்டம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். இப்போது இருக்கும் வீட்டில் ஊஞ்சல் மாட்டத் தோதில்லை. பலகையை மட்டும் ஜன்னலோரம் பெஞ்சாகப் போட்டிருக்கிறோம். அதில் உட்கார்ந்துதான் மாமியார் கீரை ஆய்கிறார்.