பாலம் வேணும், தண்ணீர்க் கணக்கும் வேணும்!



பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டப் போகிறோம் என்று எந்த ஊரில் அதிகாரி வந்து சொன்னாலும் நமக்குச் சந்தோஷம்தான். கரும்பு ஏற்றிய டிராக்டர் போகணும். அறுவடை மெஷின் வயலுக்குப் போய்ச் சேரணும். ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் 108 வண்டி ஊருக்குள் வரணும். கைப்பிடிச் சுவர் இடிந்த குறுகல் பாலத்தை வைத்துக்கொண்டு எத்தனை காலம் பொழப்பை ஓட்டுவது? ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பாலத்துக்கு நாம் விரோதி இல்லை.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பாலத்தின் கண்களில் எவ்வளவு தண்ணீர் போகும், எங்கேயிருந்து வரும் என்று கணக்குப் பார்த்தது யார்? அந்தக் கணக்கை ஊர் ஜனத்திடம் காட்டியது யார்?

சட்டத்தைக் கேட்டால் கையை விரிக்கிறது. மத்திய அரசு 2006 செப்டம்பர் 14-ல் போட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சுரங்கம் இருக்கிறது, அனல் மின் நிலையம் இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை இருக்கிறது. கிராமச் சாலையில் ஒரு சின்னப் பாலத்தை மாற்றிக் கட்டும் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஆய்வறிக்கையும் கிடையாது, மக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது. மதிப்பீடு, டெண்டர், பூமி பூஜை, வேலை ஆரம்பம்!

வேறு ஊரில் இது சரியாக இருக்கலாம். நெய்வேலியைச் சுற்றியுள்ள நம்ம ஊருக்குச் சரிப்படுமா? இங்கே ஓடுகிற தண்ணீர் வானம் கொடுத்த தண்ணீர் மட்டும்தானா?

1957-ல் சுரங்கம் வெட்ட ஆரம்பித்த நாளிலிருந்து இந்த மண்ணின் நீரோட்டமே மாறிப்போச்சு. பழுப்பு நிலக்கரி எடுக்கணும் என்றால் அடியில் உள்ள ஊற்று நீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் பம்பு ஓடணும். குழியில் தேங்கும் மழைத் தண்ணீரையும் இறைத்து வெளியே தள்ளணும். மேலே இருந்து வெட்டிய மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அந்த மண் கரைந்து ஓடையில் இறங்குகிறது. பரவனாறும் செங்கால் ஓடையும் இதையெல்லாம் சுமக்கின்றன. வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் எப்படி மேடு தட்டின என்று கீழ்ப் பாசன விவசாயியைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது இஞ்சினியர் போடும் கணக்கைப் பார்ப்போம். சின்னப் பாலத்துக்கு வெள்ள அளவைக் கண்டுபிடிக்க நம்ம பக்கம் ரைவ்ஸ் சூத்திரம் என்று ஒன்றை ரொம்ப காலமாக வைத்திருக்கிறார்கள். எத்தனை சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து மழைத் தண்ணீர் வடிகிறது என்பதையும், அந்தப் பகுதிக்கென்று ஒரு குணக எண்ணையும் வைத்துப் பெருக்குவதுதான் அது. சூத்திரம் தப்பு என்று நாம் சொல்லவில்லை. அதற்குப் பரப்பு தெரியும், பம்பு தெரியுமா? மண் மேடு தெரியுமா? ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் வெட்டிவிட்ட ஓடை தெரியுமா? பழைய வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பழைய ஆற்றுக்குத்தான் பாலம் வரும்.

அந்த ஆறே இடம் மாறிவிட்டதே! சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுப் பாதை வெட்டியதையும், மிச்சமிருந்த ஒன்றரை கிலோமீட்டருக்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சைப் பயிருக்குள் இயந்திரத்தை இறக்கியதையும் நாடே பார்த்தது. வெள்ளம் வடியத்தான் இந்த வாய்க்கால் என்று என்.எல்.சி. நிர்வாகம் சொன்னது. சரி, அந்தப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். வெள்ளம் புது வழியில் வடிந்தால், கீழே உள்ள பாலங்களுக்கு வரும் தண்ணீரும் மாறுமா மாறாதா?

2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை மறந்துவிட முடியுமா? அந்த மாதிரி நாளில் கண் போதாத பாலம் பாலமாக இருக்காது. ரோட்டோடு சேர்ந்து ஓர் அணையாக நிற்கும். மேல்பக்கம் சம்பா நடவு மூழ்கும், ரோடு அறுத்துக்கொண்டால் கீழ்ப்பக்கம் மணல் மூடும்.

இன்னொரு மாவட்டத்துப் பாடமும் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதே டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சாத்தனூர் அணையிலிருந்து மட்டும் 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்துவிட்டது என்று அரசுத் தரப்பே சொன்னது. மேலே திறக்கும் தண்ணீரைக் கணக்கில் வைக்காத பாலம் கீழே நிற்காது.

“ஒவ்வொரு சின்னப் பாலத்துக்கும் ஆய்வு என்றால் வேலை நடக்குமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஐந்நூறு பக்க அறிக்கையை நாமும் கேட்கவில்லை. அமெரிக்காவில்கூட சின்னப் பாலத்தை மாற்றிக் கட்டுவதற்குப் பெரும்பாலும் முழு அறிக்கை கேட்பதில்லை. ஆனால் வெள்ளம், ஈரநிலம், மீன் ஓட்டம் என்று சோதித்துப் பார்க்காமல் விடுவதும் இல்லை. நாம் கேட்பது நாலு பக்கக் கணக்கு. இன்னொன்று: சுரங்கத்துக்கு ஆய்வு செய்யும்போது சுற்றிலும் 10 கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். அந்த எல்லைக்குள் இருக்கும் பாலமும் மதகும் ஓடையும் அந்த ஆய்வில் ஒவ்வொன்றாக வந்தாகணும். தண்ணீரை மாற்றிவிடுபவர் கணக்கையும் கொடுக்கட்டும்!

நமது கோரிக்கைகள்:

1. பழைய பாலத்தை இடிக்கும் முன்பு கண் எத்தனை, அகலம் எவ்வளவு, தரைமட்டம் என்ன என்ற விவரத்தைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

2. சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் தண்ணீரின் உச்ச அளவை எழுத்து மூலம் வாங்கி வெள்ளக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2015 வெள்ளம் எது வரை ஏறியது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறிக்க வேண்டும்.

3. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடையை அடைத்து, இரண்டு சிமெண்டு குழாயைப் போட்டு மாற்றுப் பாதை அமைக்கக் கூடாது. வேலை கோடையில் நடக்கட்டும்.

4. இடித்த கல்லையும் மண்ணையும் ஓடையிலேயே தள்ளிவிட்டுப் போகக் கூடாது. அள்ளிய பிறகே கடைசி பில்!

5. வேலையால் பயிர் மூழ்கினால் யார் நஷ்டஈடு தருவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

விவசாயத் தோழர்களே! அதிகாரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2005 தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணம் கட்டி உங்கள் ஊர்ப் பாலத்தின் வரைபடத்தையும் வெள்ளக் கணக்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாகணும். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்துக்கு வாருங்கள்.

நிலத்தைக் கொடுத்தோம், ஊரைக் கொடுத்தோம், ஆற்றையும் கொடுத்தோம். மிஞ்சிய வயலில் தண்ணீர் நிற்குமா வடியுமா என்று கேட்கும் உரிமையையும் கொடுத்துவிட முடியாது!

பாலம் கட்டு! கணக்கைக் காட்டு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!