"கழிவு வெளியேறுகிறது" என்று சொல்பவர்களுக்கு

போன வாரம் அக்குபங்சர் பற்றி இரண்டே வரி போட்டேன். உள்பெட்டியில் வந்து திட்டாத ஆள் இல்லை. "சார், நீங்களும் மருந்துக் கம்பெனிக்காரன் ஆளா?" என்று என்னிடம் படித்த பையனே கேட்டிருந்தான். சரி தம்பி, விரிவாகவே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊசிக்கு எதிரி இல்லை. ஓய்வு பெற்ற மறு வருடம் முழங்கால் வலிக்கு நானே போய்ப் படுத்திருக்கிறேன். 34 வருடம் கரும்பலகை முன்னால் நின்ற கால் அல்லவா! கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஊசி. மருந்து எதுவும் உள்ளே போகாது. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி, அப்புறம் அந்த இடத்தில் ஒரு கனம், லேசான மதமதப்பு. அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து தடவைக்குப் பிறகு மாடிப்படி ஏறுவது கொஞ்சம் சுலபமானது. மூன்று மாதத்தில் வலி திரும்பி வந்துவிட்டது. பிறகு கைகொடுத்தது தொடைக்கான பயிற்சிதான், இன்றும் செய்கிறேன்.

ஊசியிடம் எதிர்பார்க்கக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். இங்கிலாந்து அரசின் 'நைஸ்' அமைப்பு ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க, 5 முதல் 8 வாரத்துக்குள் 10 முறை வரை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறது. அதே அமைப்பு 2016இல் இடுப்பு வலிக்கு ஊசி வேண்டாம் என்றது. ஜெர்மனியில் 1162 இடுப்பு வலிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வந்தது. சரியான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் முன்னேற்றம். மாத்திரை, பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 சதவீதம்தான். பார்த்தீர்களா சார் என்று துள்ளாதீர்கள். புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகப் பொய்க்குக் குத்திய குழுவில் 44.2! வலி குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் நாடி, புள்ளி, சக்தி ஓட்டம் என்று சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்கு அதில் என்ன வேலை?

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் கதையையும் அனுப்பியிருந்தார்கள், 1971இல் பீக்கிங்கில் ஊசி குத்தியே அவருடைய குடல்வால் நோயைக் குணமாக்கினார்கள் என்று. அவரே எழுதிய கட்டுரை இருக்கிறது. குடல்வாலை எடுத்தது கத்தி. மரத்துப்போகச் செய்தது வழக்கமான மருந்து. ஊசி வந்தது பிறகு, வயிற்று உபாதைக்கு. சீனாவிலேயே அறுவை வேண்டிய இடத்தில் அறுவைதான் செய்தார்கள்.

நம் ஊரில் நடப்பது வேறு கதை. பாதிப் பேர் ஊசியே எடுப்பதில்லை. நாடி பிடித்து, ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்புகிறார்கள். அதோடு போனால் எனக்கென்ன, தொட்டுக்கொள்ளுங்கள். "சுகர் ஒரு நோயே இல்லை, எல்லா மாத்திரையையும் நிறுத்து" என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நிறுத்தி உடம்பு மோசமானால் "கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்று சொல்வது. நன்றானால் சிகிச்சையின் வெற்றி, மோசமானாலும் சிகிச்சையின் வெற்றி! எந்த விடை எழுதினாலும் நூற்றுக்கு நூறு போடும் பரீட்சையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

என்னோடு வேலை பார்த்த தமிழய்யா பதினோரு வருடமாக இன்சுலின் போட்டவர். ஒரு முகாமுக்குப் போய்வந்து நிறுத்தினார். கட்டைவிரலில் புண் வந்தது. "கழிவு வெளியேறுதுங்கய்யா, பயப்படாதீங்க" என்றார் அந்த ஹீலர். சீழ் வைத்தது, அதற்கும் அதே பதில். காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் அவர் வீட்டம்மா எனக்குப் போன் செய்தார். முதலில் இரண்டு விரல்கள், பத்து நாளில் முழங்காலுக்குக் கீழே. வகுப்பில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத மனுஷன். ஹீலரைக் கேட்டதற்கு, "முழு நம்பிக்கையோடு செய்யலை" என்றாராம்.

2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அக்குபங்சர்காரர் ஒருவரும் கைதானார்.

கார்ப்பரேட் ஆஸ்பத்திரி கொள்ளையடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அடிக்கிறது. டாக்டர் இரண்டு நிமிடம் முகம் பார்க்காமல் எழுதுகிறார், ஹீலர் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுகிறார், அதனால்தான் ஜனங்கள் அங்கே போகிறார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொள்ளைக்குப் பதில் அது. இன்சுலினை நிறுத்துவது பதில் ஆகாது. சிறுவயதிலேயே முதல் வகைச் சர்க்கரை வந்த பிள்ளைக்கு நிறுத்தினால் சில நாட்களில் உயிரே போகும்.

வலிக்குப் போகிறவர்கள் போங்கள். புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கிறாரா என்று பாருங்கள். ஆறு முறையில் மாற்றம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்து என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது. "நான் நிறுத்திவிட்டு நன்றாக இருக்கிறேன்" என்று எழுதுகிறவர்கள், கடைசியாக எடுத்த எச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் சேர்த்துப் போடவும். தேதி தெரியும்படி.