சிங்குக்கு அடியில் ஒரு வாளி

சமையலறை சிங்குக்கு அடியில் ஒரு வாளியை நிரந்தரமாகவே வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். வேஸ்ட் பைப் ஒழுகுகிறது, பிளம்பர் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்கிறார், அதுவரை வாளி. தினமும் குனிந்து அதைக் கொட்டுவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான் என்பதாலேயே இது யாருக்கும் அவசரமாகத் தெரிவதில்லை. இந்தப் பழுதை வீட்டில் இருப்பவர்களே சரிசெய்துகொள்ள வேண்டும் என்கிறேன். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் தண்ணீர் எப்போதும் அழுத்தத்தோடு நிற்கும்; அங்கே கைவைத்துத் தவறினால் வீடு வெள்ளமாகிவிடும். சிங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அந்த அழுத்தம் கிடையாது. மேலே குழாயை மூடிவிட்டால் கீழே எல்லா இணைப்பையும் நிதானமாகக் கழற்றிப் பார்க்கலாம்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அடிப்பகுதி முழுவதையும் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, சிங்கை நிரப்பித் திறந்துவிட்டால் முதல் துளி எங்கே அரும்புகிறது என்று தெரியும். பெரும்பாலும் அது சிங்கின் துளையில் பொருத்திய கப்ளிங்கிலோ, அதற்குக் கீழுள்ள நட்டிலோதான் இருக்கும். கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுப் பட்டு அங்குள்ள ரப்பர் வாஷர் இறுகி வெடித்துப்போகிறது. பழைய வாஷரைக் கடைக்கே எடுத்துச் சென்று அதே அளவில் வாங்கி மாற்றினால் போதும். நம் ஊர் வழக்கமோ அதன்மேல் எம்-சீலை அப்புவது. அது சில மாதம் தாங்கலாம். அடுத்த முறை அந்த இணைப்பைக் கழற்றவே முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். டெஃப்லான் டேப்பும் இங்கே உதவாது. தண்ணீரைத் தடுப்பது மரையல்ல, வாஷர்.

கழற்றியதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் பைப்பை நேராகத் தரைத் துளையில் செருகிவிடுகிறார்கள். வளைவில் சிறிது தண்ணீர் தேங்கி, சாக்கடைக் காற்றைத் தடுக்கும் டிராப் அங்கே இல்லை. அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் கழிப்பறைக்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பு காட்டியது. அங்கே 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. குளியலறைத் தரை டிராப்புகளில் தண்ணீர் வற்றி, கழிவுக் குழாய்க் காற்று வீடுகளுக்குள் புகுந்ததை விசாரணை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது. நம் சிங்கில் அத்தனை பெரிய ஆபத்து இல்லைதான். நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஒரு பாட்டில் டிராப் மாட்டினால் இரண்டும் அடங்கும்.

பிளம்பர் பிழைப்பைக் கெடுப்பதா என்று கேட்கலாம். ஒரு வாஷருக்காக அரைநாளை இழக்க அவர்களுக்கே மனமில்லை, அதனால்தான் வருவதில்லை. சுவருக்குள் கசிவு, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் என்றால் அவர்தான் வர வேண்டும், உரிய கூலியும் தர வேண்டும். கைபட்டால் உடைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. பிளாஸ்டிக் நட் ஸ்பேனரின் முறுக்கில்தான் பெரும்பாலும் விரிகிறது. வாஷரை நேராக உட்கார வைத்து, மரை குறுக்கே ஏறாமல் கையாலேயே இறுக்கினால் போதும். பிறகு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, இரவு பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, காலையில் எடுத்துப் பார்க்கலாம். தாள் காய்ந்திருந்தால் வாளியைக் குளியலறைக்கே கொண்டுபோய்விடலாம்.