கோச்சி கொச்சை இல்லை

கல்முனைக்குக் கோச்சி ஓடுறதில்லை. கிழக்குப் பக்கம் தண்டவாளம் 1928இல் மட்டக்களப்பு வரைக்கும் வந்தது. அதோட சரி, அதுக்குத் தெற்கே நீளவில்லை. கோச்சியில கொழும்புக்குப் போகணுமெண்டா முதல்ல 40 கிலோமீற்றர் அளவு பஸ்ஸில மட்டக்களப்புக்குப் போகணும். ஆனாலும் கோச்சி என்ற சொல் எங்கட வீடுகளில் தாராளமாகப் புழங்குது.

எழுதத்தான் வெட்கம். பேசும்போது கோச்சி, கட்டுரையில் புகையிரதம், இன்னும் தூய்மை வேணுமெண்டா தொடருந்து. கோச்சி எண்டு எழுதினா ‘ஊர்ப் பேச்சு’ எண்டு சிவப்புக் கோடு விழும்.

இந்த ஊர்ப் பேச்சு வந்த தூரத்தைப் பாருங்க. ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டளவில் அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பாவெங்கும் பேர்போனவை. கிராமத்தின் பேரே வண்டிக்கும் பேராகி, ஆங்கிலத்துக்கும் வந்தது. பிறகு ரயில் பெட்டியும் கோச் ஆனது. இலங்கையில் முதல் ரயில் ஓடியது 1864இல். வெள்ளைக்காரன் பெட்டிக்குச் சொன்ன பேரை எங்கட ஆக்கள் முழு வண்டிக்கும் வைத்து, கோச்சி ஆக்கினார்கள்.

அதே சொல்லுக்கு இன்னொரு பாதையும் உண்டு. 1830களில் ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள், சோதனையைத் தாண்ட வைக்கிற ஆசிரியரை விளையாட்டாக ‘கோச்’ என்றார்கள். வண்டி மாதிரி ஏற்றிக்கொண்டுபோய் அக்கரையில் இறக்கிவிடுகிறவர் என்று கருத்து. பிறகுதான் அது விளையாட்டு மைதானத்துக்குப் போனது. ஆக, கிரிக்கெட் கோச்சும் மட்டக்களப்புக் கோச்சியும் ஒரே வேர். ஆனால் கோச் எண்டா ஸ்டைல், கோச்சி எண்டா பட்டிக்காடு! ஒண்டு பள்ளிக்கூட இங்கிலீஷில் வந்தது, மற்றது உம்மம்மாவின் வாயிலிருந்து வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

‘தமிழ்ச் சொல் இருக்கும்போது இது எதுக்கு?’ எண்டு கேட்கலாம். புகையிரதத்தில் இருக்கிற ரதம் வடமொழி. புகையோ நீராவி எஞ்சின் காலத்து ஞாபகம். தொடருந்து நல்ல சொல்தான், ஆனால் ‘தொடருந்து வந்துட்டா?’ எண்டு எங்கட ஊரில் யார் கேட்கிறாங்க?

சிங்களத்திலும் இதே கதைதான். எழுத்தில் ‘தும்ரிய’, அதுவும் புகை வண்டிதான். பேச்சில் ‘கோச்சிய’. ஒருத்தர் மொழியை மற்றவர் வாசிக்கத் தெரியாட்டியும், மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிண்டு பார்த்திருக்கிறது ஒரே கோச்சியைத்தான். இந்த நாட்டில் இப்படிப் பொதுவாக ஒரு சொல் கிடைப்பது லேசான விசயமா?

ஸ்டேசன் பலகையில் புகையிரதம் இருக்கட்டும், அரசாங்கக் கடிதத்திலும் இருக்கட்டும். கதையில், பயணக் குறிப்பில், நாங்க எழுதுற கட்டுரையில் கோச்சிக்கு இடம் குடுப்போம். வீட்டில் கேட்கிற சொல்லைப் புத்தகத்தில் ஒருநாளும் காணாத பிள்ளை, தன் வீட்டுத் தமிழே பிழை எண்டு நம்பத் தொடங்கும். பிறகு எழுதவே பயப்படும்.