குழந்தைக்கு ஜலதோஷம்

ஐப்பசி பிறந்து அடைமழை ஆரம்பித்துவிட்டால், குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு மூக்காவது ஒழுகாமல் இராது. சிறு குழந்தைக்கு வருஷத்தில் 6 முதல் 8 தடவை வரை ஜலதோஷம் காண்பது சகஜம் என்கிறார்கள் வைத்தியர்கள். வீட்டார் அதைச் சகஜமாக எடுத்துக்கொண்டால்தானே! பாட்டி தயிரைக் குற்றஞ்சாட்டுகிறாள். தகப்பனார் வாழைப்பழத்தைச் சந்தேகிக்கிறார். அடுத்த வீட்டு அம்மாளோ தன் குழந்தை குடித்து மிகுந்த இருமல் மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

தயிரும் வாழைப்பழமும் நிரபராதிகள். ஜலதோஷத்தை உண்டாக்குபவை வைரஸ் என்னும் நுண்கிருமிகள். அவற்றில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அவற்றைக் கொல்லும் சக்தி கிடையாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பது மட்டும் அம்மருந்துகளைத் தேடி ஓடக் காரணமாகாது. 7 முதல் 10 நாட்களுக்குள் உபத்திரவம் தானே தணியும். இருமல் மட்டும் பின்னும் சில நாள் தங்கிப் போகும்.

அப்படியானால் புட்டியில் உள்ள மருந்து என்னதான் செய்கிறது? அத்தகைய மருந்துகள் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் சரக்கு சேர்ந்திருக்கிறது. குழந்தை தூங்கிவிட்டால் வீட்டாரும் தூங்கலாம். யாருடைய சௌகரியத்துக்காக மருந்து கொடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2008ல் அமெரிக்க சர்க்கார், 2 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இவை ஆகா என்று எச்சரித்தது. 2025 அக்டோபரில் நமது மத்திய சர்க்காரும் அவ்வாறே அறிவித்ததோடு, 5 வயது வரையிலுங்கூடப் பொதுவாக இவை வேண்டாம் என்றது. அந்த அறிவிப்புக்கு நேர்ந்த சந்தர்ப்பம் கொடியது. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா ஜில்லாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் பல, சிறுநீரகம் கெட்டு மாண்டன. மருந்தில் டைஎதிலீன் கிளைகால் என்னும் விஷம் கலந்திருந்தது. 1937ல் அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் பலிகொண்ட அதே விஷம்! இம்முறை மருந்து தயாரான இடம் நமது காஞ்சிபுரம் ஜில்லா என்பதை எண்ணும்போது நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

புட்டியை விலக்கியபின் செய்யக்கூடியவை சொற்பமே. ஆனால் அவை போதும். மூக்கடைத்த சிசு பால் குடிக்கத் திணறும். ஆகையால் பால் கொடுக்குமுன், கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை மூக்கில் இரண்டொரு துளி விட்டுத் துடைத்துவிடலாம். தாய்ப்பாலைக் கொஞ்சங் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். பெரிய குழந்தைக்கு இளஞ்சூடான கஞ்சி, மிளகு குறைத்த ரசம். ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு, படுக்கப் போகுமுன் அரை ஸ்பூன் தேன் இரவு இருமலை ஓரளவு தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. சேனை வைப்பதற்காகவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவிதக் கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தாக்கும்.

வீட்டு வைத்தியம் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் குழந்தையின் மார்பில் தடவுகிறோம். கற்பூரம் உடலில் ஏறினால் சிறு குழந்தைக்கு வலிப்பு வரும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். சாம்பிராணிப் புகை இருமலை வளர்க்கும். கொதிநீரில் ஆவி பிடிக்க வைத்து வெந்து புண்ணான குழந்தைகள் எத்தனையோ! இதற்காகப் பாட்டிமார் நம்மீது கோபித்துக்கொள்ளக் கூடாது.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசு என்று வைத்திருக்கிறோமே, அது மூக்கு ஒழுகும் பிள்ளையையும் வகுப்புக்கு விரட்டிவிடுகிறது. ஒன்று தும்ம, நாலு நாளில் பாதி வகுப்பு தும்முகிறது. அந்தப் பரிசை எடுத்துவிடலாம் என்பது நமது அபிப்பிராயம்.

பெற்றோர் அவசியம் கற்க வேண்டியது சுவாசத்தை எண்ணுவது. குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்போது சட்டையை உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு நிமிஷம் முழுவதும் வயிறு எழும்பித் தாழ்வதை எண்ணுங்கள். 2 மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, பிறகு ஒரு வயது வரை 50, அதன்மேல் 5 வயது வரை 40 என்ற கணக்கை எட்டினாலோ மீறினாலோ நுரையீரலை நோய் பற்றியிருக்கலாம். மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், பால் குடிக்க மறுத்து எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும், 3 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஜுரம் கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.